பின்னால் ஒரு சுற்று

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் தண்ணீர்க் கட்சி, நான் காற்றுக் கட்சி. குடிக்கிற கட்சி என்று யாரும் அவசரப்பட்டு நினைக்க வேண்டாம், அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. விமான எஞ்சின் சூடானால் அதை எதை வைத்து ஆற்றுவது என்பதுதான் எங்கள் தகராறு. அவர் வேலை பார்த்தது சண்டை விமானங்களின் பிரிவில். அந்த எஞ்சின்களுக்குள் குழாய் குழாயாகத் தண்ணீர் ஓடும், ரேடியேட்டரில் போய் ஆறும், மறுபடி ஓடும். நான் சரக்கு விமானங்களுக்குத் தலைமை மெக்கானிக். எங்கள் எஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழந்தைகள் வரைகிற சூரியனில் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, அப்படி நடுவிலிருந்து சுற்றிலும் ஒன்பது சிலிண்டர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உடம்பிலும் மெல்லிய தகடுகளாக மடிப்புகள். எதிரே வருகிற காற்று அந்த மடிப்புகளுக்குள் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எளிமையாக இருக்கிற எதையும் என் வீட்டுக்காரர் மதிக்க மாட்டார்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"உன் எஞ்சினுக்கு மூஞ்சி எவ்வளவு அகலம் பாத்தியா? அது காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகாது. காத்தோட மல்லுக்கட்டும்."

"உங்களுது மூக்கு கூர்தான், ஒத்துக்கறேன். ஆனா ரேடியேட்டர்ல ஒரே ஒரு குண்டு பட்டா என்ன ஆகும்? அந்த ஓட்டை வழியா தண்ணியோட சேர்த்து உயிரும் ஒழுகிடும்."

"குண்டு படாம ஓட்டணும்."

"அதைச் சுடறவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என் கொழுந்தன். அவருடைய ஒரே தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. இப்போது விமானி. அண்ணன் பிரிவுக்குப் போகாமல் என் சரக்கு விமானத்தை ஓட்ட வந்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். சண்டை சூடு குறைவது போலத் தெரிந்தால் அவனே விறகைத் தள்ளுவான்.

"அண்ணி, அந்த விளக்கெண்ணெய் விஷயத்தைச் சொல்லுங்க. அண்ணனுக்கு மறந்து போச்சாம்."

அது முந்தைய பெரிய போரில் நடந்தது. அப்போது காற்றுக் கட்சி எஞ்சினுக்கு இன்னும் கிறுக்கு தெளியவில்லை. நடுத்தண்டு விமானத்தோடு இறுகி நிற்கும். சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். சுற்றினால் காற்று நன்றாகப் படும் என்று கணக்கு. மசகுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்பி வந்து சேராது, புகையோடு பறந்து விமானியின் முகத்தில் அடிக்கும். அதை மூச்சோடு இழுத்து விழுங்கிக்கொண்டே எதிரியைத் துரத்திப் போன வீரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு புத்தி வந்து சிலிண்டர்களை நிறுத்தி வைத்து நடுத்தண்டைச் சுற்ற விட்டார்கள். அதைக் கடற்படைக்காரர்கள் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து எழும்புகிற விமானத்துக்கு ரேடியேட்டரும் குழாயும் தண்ணீரும் வீண் சுமைதானே, அதையெல்லாம் கழற்றி மாட்ட அங்கே இடமேது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எஞ்சினைச் சுற்றி வளையமாக ஒரு மூடி போட்டதும் மூஞ்சி அகலம் என்ற குறையும் பாதி தீர்ந்தது. இப்போதைய போரில் குண்டு போடுகிறவன், ஆள் ஏற்றுகிறவன், கப்பலிலிருந்து கிளம்புகிறவன் என்று எங்கள் கட்சியில் ஏகப்பட்ட பேர். இதையெல்லாம் நான் சொல்லி முடித்தால் என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, வேண்டுமென்றே சத்தமாகக் குடிப்பார்.

எங்கள் கட்சிக்கும் ஒரு சனியன் உண்டு. சூரியனின் மேல் கதிர்கள் மாதிரி கீழ்க் கதிர்களும் இருக்கின்றனவே, அந்தக் கீழ்ச் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. எஞ்சின் ராத்திரி முழுக்கச் சும்மா நின்றால் உள்ளிருக்கும் எண்ணெய் மெல்ல இறங்கி அவற்றில் தேங்கும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. பிஸ்டன் வேகமாக வந்து அந்த எண்ணெயில் மோதினால் ஏதாவது ஒன்று வளைய வேண்டும், அல்லது உடைய வேண்டும். அதனால் காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ப்ரொப்பெல்லரைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்ப்போம். வழுக்கிக்கொண்டு போனால் எண்ணெய் இல்லை. எங்காவது முட்டி நின்றால் அத்தோடு நிறுத்திவிட்டுக் கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிப்போம்.

செய்யவே கூடாதது ஒன்றுதான், முட்டுகிறதே என்று பின்பக்கமாகத் திருப்புவது. திருப்பினால் முட்டல் போய்விடும், உண்மைதான். ஆனால் எண்ணெய் போகாது. திறந்திருக்கிற வால்வு வழியாக, காற்று உள்ளே வரும் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் கிளம்பியதும் அதே குழாய் அதே எண்ணெயை மறுபடி சிலிண்டருக்குள் இழுத்துக் கொடுக்கும். இது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மூச்சு விடுவது போலத் தெரிந்த விஷயம். தண்ணீர்க் கட்சிக்காரர்களின் எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தாராளமாக முன்னும் பின்னும் திருப்பி விளையாடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் முகாம் பரபரத்துக் கிடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓடுபாதையில் காயம்பட்டவர்களைக் கொண்டு வந்து படுக்க வைத்திருக்கிறார்கள், சாலை துண்டாகிவிட்டது, விமானம் ஒன்றுதான் வழி என்று செய்தி. மதியத்துக்குள் மேகம் இறங்கி மலையை மூடிவிடும் என்றும் சொன்னார்கள். கொழுந்தன் போக வேண்டும். அவனுக்கு விமானம் தயாராக வேண்டும். என் ஆட்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரரின் சண்டை விமானங்கள் எல்லாம் விடியற்காலையே கிளம்பிப் போய்விட்டதால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கை சும்மா இருந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏதாவது குடு, செய்யறேன்," என்றார்.

நான் வலது இறக்கையின் எஞ்சினுக்கு அடியில் இருந்தேன். "இடது ப்ரொப்பெல்லரை மெதுவா சுத்திப் பாருங்க. முட்டினா என்னைக் கூப்பிடுங்க," என்றேன். சரக்கு ஏற்றுகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் திருப்பாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சோற்றை மூக்கில் வைக்காதே என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

வேலை முடிந்தது. கொழுந்தன் ஏறி உட்கார்ந்தான். வலது எஞ்சின் முதலில் இருமி, வெள்ளையாகப் புகை கக்கி, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"உன் எஞ்சின் என்கிட்ட முரண்டு பிடிச்சுதுடி," என்றார்.

"என்ன முரண்டு?"

"பாதியில முட்டி நின்னுது. அந்த ரெண்டு பேரும் உன்னைக் கூப்பிடறேன்னாங்க. எதுக்கு, நானும் மெக்கானிக்தானேன்னு சொல்லிட்டேன். நைசா பின்னால ஒரு சுத்து சுத்தினேன். அப்புறம் முன்னால தள்ளினா வெண்ணெய் மாதிரி போச்சு. எதையும் பதமா நடத்தணும். உங்க கட்சிக்கு அது தெரியாது."

அவர் பேசி முடிக்கும்போதே இடது எஞ்சினின் ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கியிருந்தது. அது முதலில் மெல்லிசாக முனகும், குரல் ஏறிக்கொண்டே போகும், உச்சிக்குப் போனதும் எஞ்சினைப் பிடித்து இழுக்கும். அந்த உச்சிக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும். ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவேன் என்று நானே நினைத்ததில்லை. இடது பக்கம் கொழுந்தன் கண்ணில் படுகிற மாதிரி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டேன். முனகல் இறங்கியது. வலது எஞ்சினையும் அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"என்ன அண்ணி?"

"இறங்குப்பா. இடது எஞ்சின் கிளம்பக் கூடாது."

அவன் ஏன் என்று கேட்கவில்லை, இறங்கிவிட்டான். கேட்டவர் முகாம் தளபதி. ஜீப்பை விமானத்தின் மூக்கருகே கொண்டு வந்து நிறுத்திக் குதித்தார். எஞ்சின் படிப்பு படித்துத்தான் தளபதி ஆனவர். நல்ல மனுஷர். ஆனால் அன்றைக்கு அவர் மனசெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களிடம் இருந்தது. அதில் தப்பும் இல்லை.

"எதுக்கு நிறுத்தினீங்க?"

"இடது ப்ரொப்பெல்லரைப் பின்னால திருப்பியிருக்கு சார். குழாயில எண்ணெய் இருக்கும்."

"யார் திருப்பினது?"

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார் என்பது மூச்சிரைப்பில் தெரிந்தது. போர்க்காலத்தில் விமானத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் சும்மா விட மாட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல்ல எண்ணெயை எடுப்போம் சார். ஆளை அப்புறம் எடுக்கலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சீக்கிரம்," என்றார்.

என் பிரிவின் நெட்டையன் ஏணி இல்லாமலே எட்டி மூடியைக் கழற்றினான். கீழே தொங்குகிற இரண்டு சிலிண்டர்களின் பிளக்குகளை நானே எடுத்தேன். இரண்டும் காய்ந்திருந்தன. தட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"காஞ்சிருக்கே," என்றார் தளபதி.

"சிலிண்டர் காஞ்சுதான் சார் இருக்கும். பின்னால தள்ளினதுல எண்ணெய் குழாய்க்குப் போயிருக்கும். குழாயைக் கழட்டணும்."

"அதுக்கு நேரமாகுமே. அங்க ஆளுங்க வெயில்ல கிடக்கறாங்கம்மா."

"தெரியும் சார்."

தெரிந்துதான் கழற்றினேன். முதல் குழாயின் மரை கழலாமல் படுத்தியது. கொழுந்தன் ஸ்பேனரை என்னோடு சேர்ந்து இழுத்தான். குழாய் கையோடு வந்தது. உள்ளே எண்ணெய்ப் பூச்சு மட்டும், விரலால் வழித்தால் ஒரு கரண்டிகூட தேறாது. தளபதி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். மலை உச்சியில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் தவறாக இருந்தால் அங்கே படுத்திருக்கிறவர்களின் நேரத்தைத் திருடுகிறேன். ஆனால் முட்டிய எண்ணெய் ஆவியாகிப் போகாது. வெளியே வடியவில்லை என்றால் உள்ளேதான் எங்கேயோ இருக்கிறது. இதைவிட உறுதியாக எனக்கு உலகத்தில் எதுவும் தெரியாது.

"இன்னொன்னு இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு, அனுமதிக்குக் காத்திருக்காமல் அடுத்த குழாயில் ஸ்பேனரைப் போட்டேன்.

மரை பாதி கழலும்போதே ஒழுகியது. முழுதாகக் கழன்றதும் கறுப்பாக, கனமாக, கொடகொடவென்று கொட்டியது. என் முழங்கை வரை நனைந்தது. தட்டு நிரம்பி வழிந்தபோது இன்னொரு தட்டு சரியாக அதன் கீழே வந்து நின்றது. பிடித்திருந்தது என் வீட்டுக்காரர். தம்பியின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

தளபதி குனிந்து தட்டைப் பார்த்தார். "மாட்டுங்க, அனுப்புவோம்," என்று மட்டும் சொன்னார். மாட்டினோம். ப்ரொப்பெல்லரை நானே சுற்றிப் பார்த்தேன். இடது எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கொழுந்தன் கையசைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். என் வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கிளப்பினவுடனே உடைஞ்சிருக்குமா?"

"உடைஞ்சிருந்தா தேவலை. இங்கயே நின்னிருக்கும். உள்ள பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற தண்டு லேசா வளைஞ்சிருக்கும். வளைஞ்ச தண்டு கொஞ்ச நேரம் நல்லாத்தான் ஓடும். முழு பாரத்தோட மேல ஏறும்போது கழுத்தறுக்கும்."

"அங்க ஓடுபாதை முடியற இடத்துல மலை."

"ஆமா."

மறைத்துப் பேச எனக்கு வராது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். அன்றைக்கு எனக்கே ஆறுதல் கையிருப்பில் இல்லை. அவன் இன்னும் அந்தப் பக்கம் இறங்கி, ஆட்களை ஏற்றி, திரும்ப ஏற வேண்டும்.

மேகம் மலையை முக்கால்வாசி மூடிய பிறகுதான் சத்தம் கேட்டது. எங்கள் எஞ்சின்களின் சத்தம் எனக்குத் தெரியும். ஒன்று சீராக இருந்தது, ஒன்று நொண்டியது. எது என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று என் தோளைப் பிடித்தார், பிடி வலித்தது. விமானம் மேகத்துக்குக் கீழே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, இறங்கியது.

நொண்டியது வலது எஞ்சின். மூடி கிழிந்து தொங்கியது. உள்ளே ஒரு சிலிண்டரின் தலையைக் காணோம், குண்டு அடித்துக்கொண்டு போயிருந்தது. இறக்கையிலிருந்து வால் வரைக்கும் எண்ணெய் அபிஷேகம். மிச்சம் இருந்த எட்டுச் சிலிண்டர்களோடு பாதிச் சக்தியில் அது ஓடியே வந்திருந்தது. ஸ்ட்ரெச்சர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஓர் ஆள் படுத்தபடியே எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட முயன்றான். எல்லோரும் இறங்கிய பிறகுதான் கொழுந்தன் இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏறும்போதே சுட்டுட்டாங்க அண்ணி. வலது பக்கம் பாதி போச்சு. இடதுதான் எல்லாரையும் தூக்கிட்டு மலையைத் தாண்டுச்சு. அதை முழு வேகத்துல வச்சேன், இந்தா இறங்கற வரைக்கும் அப்படியே ஓடுச்சு. ஒரு முணுமுணுப்பு இல்லை."

இடது எஞ்சினைச் சுற்றிக் காற்றில் சூடு நடுங்கிக்கொண்டிருந்தது. தளபதி வந்தார். எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"இப்ப ஆளைச் சொல்லுங்க. அதைப் பின்னால திருப்பினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். "நான்தான் சார்."

தளபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் பார்த்தார். எங்கள் உறவு முகாமுக்கே தெரியும். பிறகு அவர் சொன்னது யாரும் எதிர்பார்க்காதது.

"திருப்பினது தெரியாம செஞ்ச தப்பு. ஆனா விமானம் கிளம்பறதுக்குள்ள ஓடி வந்து உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. தண்டனைக்குப் பயந்து நிறைய பேர் மறைச்சுடுவாங்க. நீங்க மறைக்கலை. இத்தனை உயிர் அதனாலதான் திரும்பியிருக்கு. உங்க பேரை மேலிடத்துக்கு எழுதப் போறேன்."

என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியும். பாராட்டு என்றால் அவருக்கு உயிர். தெருவில் யாரோ யாரையோ "சபாஷ்" என்றால்கூட இவர் திரும்பிப் பார்ப்பார். தளபதியே, முகாம் முழுக்கப் பார்க்க, தட்டில் வைத்து நீட்டுகிறார். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். நான் காட்டிக் கொடுக்கப் போவதில்லை, அதுவும் அவருக்குத் தெரியும். அவர் கண் ஒரு நிமிஷம் என்மேல் நின்றது. பிறகு தம்பியின்மேல் போய் நின்றது.

"சொல்ல வரலை சார்," என்றார். "பீத்திக்க வந்தேன்."

"என்னது?"

"முரண்டு பிடிச்ச எஞ்சினை வழிக்குக் கொண்டு வந்துட்டேன்னு இவகிட்ட பீத்திக்கத்தான் வந்தேன். அது தப்புன்னே எனக்குத் தெரியாது. இவ ஓடினப்போகூட எதுக்கு ஓடறான்னு புரியலை. எண்ணெய் கொட்டினப்போதான் புரிஞ்சுது. என் பேரை எழுதாதீங்க சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷரை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. தளபதி தாடையைத் தடவினார். சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, எழுதலை. நாளையிலேருந்து சண்டை விமானப் பிரிவு வேண்டாம். இவங்க பிரிவுல சேருங்க. இவங்க சொல்றதைக் கேளுங்க."

"வீட்டுலயும் அதான் சார் நடக்குது," என்றார் என் வீட்டுக்காரர். நெட்டையன் முதலில் சிரித்தான், அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு வந்து அண்ணனின் இரண்டு தோளையும் பிடித்தான்.

"அண்ணா, நீ பீத்திக்காம இருந்திருந்தா நான் அந்த மலையிலதான் கிடந்திருப்பேன்."

என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதார். தம்பி பிடியை விடவில்லை. நான் அவர்களைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். வலது எஞ்சினுக்குப் புது சிலிண்டர் ஏற்ற வேண்டும், மறுநாள் காலையில் இன்னொரு பயணம் இருந்தது.

"என்னங்க," என்றேன், "அழுது முடிச்சதும் அந்த ஏணியை எடுத்துக்கிட்டு வாங்க."